கைமாற்ற முடியாத புத்தகம்: கிண்டிலோடு மூன்று ஆண்டுகள்

சென்ற பொங்கலுக்கு மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை, நான் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “முடிச்சதும் எனக்குக் குடுடா, ரயில்ல படிச்சுக்கிட்டே போறேன்” என்றார். என் கையில் இருந்தது அமேசான் நிறுவனத்தின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில். அந்த நாவலை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்க இயலாது, கொடுப்பதென்றால் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்களோடு கருவியையே கொடுத்தனுப்ப வேண்டும் என்று நான் விளக்கியதும், அவர் சற்று யோசித்து, “அப்ப நீ அத காசு குடுத்து வாங்கலையா?” என்று கேட்டார். வாங்கினேன் என்றுதான் அன்று சொன்னேன். அந்தப் பதில் சரியில்லை என்பது பின்னர்தான் உறைத்தது. ஆயினும் கருவியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருப்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2021இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட். 6.8 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 8 ஜிபி சேமிப்பு, 205 கிராம் எடை. பதினான்காயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லும் செருப்புக்கடை வழக்கப்படி, 13,999 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதைவிடப் புதிய பதிப்பு இப்போது வந்துவிட்டது. என்றாலும் நான் இங்கே எழுதுபவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஏனெனில் இந்தக் கருவியின் நிறைகுறைகள் அதன் வேகத்திலோ சேமிப்பிலோ இல்லை. திரையின் தன்மையிலும், அதற்குப் பின்னால் இருக்கும் கடையின் விதிகளிலும் இருக்கின்றன.

கைப்பேசித் திரை ஒளியை நம் கண்ணை நோக்கி வீசுகிறது. கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரையோ தாளைப் போல, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றொன்று அடியில் இறங்கும். ஒருமுறை மேலே வந்த துகள் மின்சாரம் இல்லாமலேயே அங்கு நிற்கும் என்பதால், பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாகிறது. மாலையில் மொட்டைமாடியில் வெயில் நேராக விழும்போதும், ரயிலில் சன்னலோர இருக்கையிலும் எழுத்துகள் மேலும் துலக்கமாகத்தான் தெரிகின்றன. இருட்டில் படிப்பதற்கு, திரையின் விளிம்பில் பொருத்தப்பட்ட 17 சிறு விளக்குகளின் ஒளி திரையின் மேற்பரப்பில் பரவிப் பாய்கிறது. அதை மஞ்சள் சாயலுக்கு மாற்றிக்கொண்டால், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் கெட்டதென்று குறைகூற இடமிருக்காது. மாதத்துக்கு இரண்டு முறை மின்னேற்றினால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதே திரைதான் அதன் வரம்பும் ஆகிறது. துகள்கள் நகர நேரம் பிடிப்பதால் பக்கம் மாறும்போது ஒரு சிறு தயக்கம் உண்டு. சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுதும் கறுத்து வெளுக்கும். முதல் வாரம் அது கண்ணை உறுத்தியது, இப்போது இமை கொட்டுவதுபோல ஆகிவிட்டது. ஆனால் புத்தகத்தைப் புரட்டித் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் தயக்கம் பெருந்தடை. நாவலின் நடுவில் ஒரு பெயர் வந்து, “இவர் யார், முன்னால் எங்கோ வந்தாரே” என்று தோன்றினால், அச்சுப் புத்தகத்தில் இடப்பக்கத்து மேல்மூலையில் கண்ட நினைவை வைத்துக்கொண்டு விரலால் தேடிப் பிடித்துவிடுவோம். கிண்டிலில் அந்த மூலை நினைவு உதவாது. சொல்லைத் தட்டச்சு செய்து தேட வேண்டும். சமையல் குறிப்பு, சோதிடம், இலக்கணம், பயண வழிகாட்டி என்று முன்னும் பின்னும் புரட்ட வேண்டிய எதையும் இதில் படிக்க நான் பரிந்துரைக்கமாட்டேன். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்கும் கதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் ஏற்ற கருவி இது.

எங்கள் வீட்டில் இதன் உண்மையான பயனாளி நான் அல்லேன், அம்மா. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்து அவருக்குக் கூடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்ததால் வாசிப்பையே கைவிட்டிருந்தார். கிண்டிலில் எழுத்தின் அளவை வேண்டியமட்டும் கூட்டி, தடிமனையும் ஏற்றி, வரிகளுக்கு இடையே இடைவெளி விட்டுக் கொடுத்தேன். கல்கியின் நீண்ட சரித்திரத் தொடர் ஒன்றை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒன்றரை மாதத்தில் மீண்டும் படித்து முடித்தார். இடையில் ஒரு நாள் கருவி சரியாக வேலை செய்யவில்லை, பக்கங்கள் தாமே ஓடுகின்றன என்றார். அருகில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது: அம்மா தம் வாழ்நாள் பழக்கப்படி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கருவி நீர் புகாதபடி செய்யப்பட்டதுதான் என்றாலும், திரையில் ஒட்டிய ஈரம் தொடுகையைக் குழப்பத்தான் செய்யும். அதன்பின் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று கருவியின் உறையிலேயே குடியேறிவிட்டது.

எழுத்தைப் பெரிதாக்குவதில் ஒரு பழுது உண்டு. அது மரபுக் கவிதை படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியவரும். நான்கு சீர் கொண்ட வெண்பா அடியில் மூன்று சீர் ஒரு வரியிலும் ஒரு சீர் அடுத்த வரியிலுமாக முறிந்து விழுகிறது. ஈற்றடிக்கு மூன்று சீர்தான் என்பதே கண்ணுக்குப் புலப்படாமல், நான்கு அடிப் பாடல் ஏழு வரிப் புதுக்கவிதையாகிவிடுகிறது. கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதைப் போலவே, ஏ4 அளவில் உருவாக்கப்பட்ட பிடிஎஃப் கோப்புகளும் இந்தத் திரையில் எறும்புச் சாரிபோலத் தெரிகின்றன. பழைய நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) படிகளைப் படிக்க வேண்டியவர்கள் பத்து அங்குலத் திரை உள்ள வேறு கருவியைத்தான் நாட வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2007 நவம்பரில் முதல் கிண்டில் விற்பனைக்கு வந்தது. அமேசானின் இந்தியக் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி மின்னூல்கள் வந்தது 2016 டிசம்பரில்தான். ஆனால் தமிழர்கள் அதுவரை காத்திருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கருவியில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாத காலத்தில், கிண்டில் திரைக்கென்றே “6 இஞ்ச் பிடிஎஃப்” என்ற ஒரு வடிவத்தை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் உருவாக்கி வழங்கினார்கள். எழுத்தாளர்களிடம், யாரும் பகிர்ந்துகொள்ள இடமளிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்று அவர்கள் வெளியிட்ட நூல்களின் பதிவிறக்கப் பக்கத்தில் அந்தப் பெயரைக் காணும்போது எனக்கு இன்றும் ஒரு மரியாதை தோன்றுகிறது.

அதற்கும் முன்னதாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இலவசமாகத் தருகிறார்கள். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் நிறுவனம் செய்துவரும் பணி தனியே எழுதத்தக்கது. ஆனால் அங்கு இருப்பவை பெரும்பாலும் வருடிய பக்கங்கள் என்பதால் இந்தத் திரைக்கு அவை ஒத்துவருவதில்லை. இவ்வளவும் சட்டப்படி சாத்தியமாவதற்குக் காரணம், இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் முடிந்துவிடுவதும், அரசே பதிப்புரிமையைப் பெற்று நூல்களை எல்லோருக்கும் பொதுவாக்கும், வேறெங்கும் எளிதில் காண முடியாத நாட்டுடைமை என்ற ஏற்பாடு நம்மிடம் இருப்பதும் ஆகும். பாரதியார் படைப்புகளை 1949இல் சென்னை அரசு நாட்டுடைமையாக்கியது. கல்கியும் புதுமைப்பித்தனும் பின்னாளில் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். அம்மா படித்த தொடருக்கு நான் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை என்பதோடு, யாரையும் ஏமாற்றவும் இல்லை.

இந்த நூல்களைக் கருவியில் ஏற்றுவது எளிது. ஈபப் என்னும் மின்னூல் கோப்பைக் கருவிக்கென்று தரப்பட்டுள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் சற்று நேரத்தில் வந்து இறங்கிவிடும். ஆனால் எல்லாக் கோப்பும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. மிகப் பழைய கோப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்திய குறியேற்றங்களில் இருந்தால் திரையில் தமிழுக்குப் பதில் கிறுக்கல்தான் தோன்றும். எழுத்துணரி மென்பொருளால் படித்தெடுத்த நூல்களில் வேறொரு வகைத் தொல்லை: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து “காலம்” என்பது “கரலம்” ஆகும், “ஊர்” பிரிந்து “உளர்” ஆகும், ஔவையார் “ஒளவையார்” ஆவது ஏறக்குறைய உறுதி. அச்சுக் கோத்த காலத்தில் பிழை பார்ப்பவர் என்று ஒருவர் இருந்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கப்படும் மின்னூலிலும் “உளர்” வருமானால், அந்தப் பதிப்பாளரை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்ப் புனைவில் முக்கியமான பல நூல்கள் கிடைக்கின்றன, கிடைக்காதவையும் பல. விலை பெரும்பாலும் அச்சுப்படியைவிடக் குறைவு. மாதக் கட்டணத்தில் வேண்டிய நூல்களை இரவல் பெறும் கிண்டில் அன்லிமிடெட் 2015இல் இந்தியாவுக்கு வந்தது. வேகமாகப் படிப்பவர்களுக்கு, குறிப்பாகக் குடும்ப நாவல்களும் மர்ம நாவல்களும் படிப்பவர்களுக்கு, அது பழைய வாடகை நூலகத்தின் இடத்தை நிரப்புகிறது. அதில் நூலை வெளியிடும் எழுத்தாளர்களுக்கு, 2015 ஜூலையிலிருந்து, வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். பதிப்பாளர் எவரையும் அண்டாமல் எழுதும் பெண்கள் பலருக்கு இது நேரடி வருமானத்துக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. எந்தப் பக்கத்தில் நான் அலுத்துப் புத்தகத்தை மூடினேன் என்பதை ஒரு நிறுவனம் அறிந்திருக்கிறது என்பதும் அதே கணக்கின் மறுபக்கந்தான். வாடகை நூலக அண்ணாச்சிக்கு நான் எடுத்துப்போன புத்தகம் தெரியும். அதை நான் பாதியில் வைத்தது தெரியாது.

இனி அத்தையின் கேள்வி. கடையில் “வாங்குக” என்ற பொத்தானைத்தான் அழுத்துகிறோம். ஆனால் பயன்பாட்டு விதிகளைப் படித்தால், உள்ளடக்கம் நமக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே அளிக்கப்படுகிறது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இது வெறும் சட்டச் சொல்லாட்சி என்று நினைப்பவர்களுக்கு 2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, உரிமை இல்லாத ஒருவர் அந்தக் கடையில் விற்பனைக்கு ஏற்றியிருந்தார். அது தெரியவந்ததும் அமேசான், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அந்த நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. குடிமக்களின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கும் அரசைப் பற்றி எழுதியவருடைய நூலுக்கே அது நேர்ந்ததை எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. பாடத்துக்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவர், அந்தக் குறிப்புகள் பயனற்றுப் போனதால் வழக்குத் தொடுத்தார். 1,50,000 டாலரில் வழக்கு தீர்ந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ், செய்தது முட்டாள்தனம் என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நேர்மையானதாகவே இருக்கலாம். அழிக்கும் வசதி இருக்கிறது என்பது அன்று உலகுக்குத் தெரிந்துவிட்டது.

அண்மையில் நடந்தது அதைவிடச் சிறியது, ஆனால் என்னை நேரடியாகத் தொட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவியில் ஏற்றும் வசதி முதலில் இருந்தது. நம்மிடம் ஒரு கோப்பாவது கையில் இருக்கிறது என்ற ஆறுதல் அதனால் உண்டு. 2025 பிப்ரவரி 26இல் அந்த வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. நம் சொந்தக் கோப்புகளை இன்றும் கம்பி வழியாக ஏற்றலாம். கடையில் வாங்கியவை பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் இறங்கும். அதே ஆண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் “வாங்குக” என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அத்தையின் கேள்வியைத்தான் அந்தச் சட்டம் வேறு மொழியில் கேட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை நம் வரி விதிப்பும் காட்டிக்கொடுக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. மின்னூல் ஒரு சேவையாகவே கருதப்பட்டு, முதலில் அதன்மேல் 18 விழுக்காடு விழுந்தது. 2018 ஜூலையில், அச்சு வடிவமும் உள்ள மின்னூல்களுக்கு மட்டும் 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். இரண்டிலும் இருப்பவை அதே சொற்கள், அதே கதை. நூல் என்று நினைத்து நாம் படிப்பதை அரசு சேவை என்று வகைப்படுத்துகிறது. விதிகளைப் பார்த்தால் அரசின் வகைப்பாடே சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. படியெடுக்க முடியாதபடி மின்னூலுக்குப் போட்டிருக்கும் மின்னணுப் பூட்டை உடைத்துக் கோப்பைச் சொந்தமாக்கிக்கொள்ளலாமே என்று அறிவுரை சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு அத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சொந்த வாசிப்புக்காக உடைப்பது அந்த நோக்கத்தில் சேருமா என்ற வாதத்தை நீதிமன்றத்தில் நடத்திப் பார்க்கும் ஆர்வம் எனக்கு இல்லை.

இத்தகைய இழப்பை நான் புத்தகத்தில் பட்டதில்லை, பாட்டில் பட்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இணையப் பாட்டுக்கடையில், அப்பாவுக்குப் பிடித்த பழைய பாடல்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தேன். கடை ஒரு நாள் மூடப்பட்டது. கைப்பேசியை மாற்றியபோது பாடல்கள் எதுவும் புதிய கைப்பேசிக்கு வரவில்லை. அவர் 1980களில் கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த ஒலிநாடாக்களில் நான்கு இன்னும் ஓடுகின்றன.

இந்த நினைவோடுதான் அம்மாவின் பீரோவைத் திறந்து பார்க்கிறேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசைப்படுத்தி, கடைத்தெருவில் பைண்டு செய்து வைத்திருக்கும் தொகுதிகள் அதில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் கதை, மறுபக்கத்தில் பாதி அறுந்துபோன தலைவலித் தைல விளம்பரம், இடையில் ஒரு சிரிப்புத் துணுக்கு. முதல் தாளில் தொகுதி சென்று வந்த வீடுகளின் பெயர்களை அம்மா பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். ஏழு பெயர்கள், இரண்டில் மட்டும் “வந்தது” என்று எழுதி அடித்திருக்கிறது, மற்றவை எப்படித் திரும்பின என்பது அவருக்கே நினைவில்லை. எவ்வளவு மட்டமான தாள், எவ்வளவு கோணலான தையல்! ஆனால் அதை யாருக்கும் கொடுக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றே சொல்வேன். வயதானவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், வெளியூர்ப் பயணம் மிகுந்தவர்கள், வீட்டில் அலமாரிக்கு இடமில்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள் ஆகியோருக்குப் போட்ட பணம் வீண்போகாது. ஆனால் நான் அதைப் பயன்படுத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். நாட்டுடைமை நூல்களும், ஆசிரியரே விரும்பி இலவசமாகத் தருபவையும் கருவியில் ஏறுகின்றன. அவற்றின் கோப்புகள் என் கணினியிலும் ஒரு படி இருக்கின்றன. ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றுவதைக் கடையில் எடுத்துக்கொள்கிறேன், வாடகை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு. திரும்பப் படிக்க வேண்டும், பிறர் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றும் நூலுக்கு அச்சுப்படிதான்.

அத்தை கேட்ட நாவலைச் சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில், வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கி அஞ்சலில் அனுப்பினேன். போன வாரம் தொலைபேசியில் எப்படி இருந்தது என்று விசாரித்தபோது, “நான் எங்கடா படிச்சேன், எதுத்த வீட்டுப் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா” என்றார்.